எண்பது வருஷத்துக் காற்று

1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26ஆம் தேதி, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் மத்தியில், மூன்று தெருக்களுக்கு அப்பாலிருந்த கட்டடங்கள்கூடக் கண்ணுக்குப் புலப்படாதபடி, தவிட்டு நிறமான ஒரு மூட்டம் வந்து கவிந்தது. உத்தியோகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்குக் கண் எரிந்து நீர் வடிந்தது, தொண்டை கமறியது, மூச்சு விடுவதே ஒரு பிரயாசையாகிவிட்டது. யுத்த காலமாகையால், ஜப்பானியர் விஷவாயுவை ஏவிவிட்டார்களோ என்று பீதி கொண்டவர்களும் உண்டு. ஆனால் சீக்கிரமே வேறொரு குற்றவாளி அகப்பட்டான். அலிசோ தெருவில், செயற்கை ரப்பருக்கு வேண்டிய பியூட்டாடையீன் என்னும் பொருளை யுத்தத் தேவைக்காக உற்பத்தி செய்துகொண்டிருந்த ஓர் ஆலையின் மீது சகலருடைய விரலும் நீண்டது. ஜனங்களின் கூக்குரலுக்குச் செவிசாய்த்து அது தற்காலிகமாக மூடப்பட்டது. நகர மேயர் பிளெட்சர் பௌரன், இன்னும் நான்கு மாதத்துக்குள் இந்தத் தொல்லை அடியோடு ஒழிந்துவிடும் என்று அறிக்கை விட்டார். ஆலை மூடிக் கிடந்தபோதும் மூட்டம் வந்தது. மேயர் குறித்த நான்கு மாதம் கழிந்த பிறகும் வந்தது. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அது நடந்து எண்பது வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. நம்முடைய மாவட்டத்தைப் போன்றதொரு நிர்வாகப் பிரிவாகிய லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டி, 88 நகரங்களைத் தன்னுள் அடக்கியது. 1940இல் சுமார் 28 லட்சமாக இருந்த அதன் ஜனத்தொகை 2020இல் ஒரு கோடியைத் தொட்டுவிட்டது. காற்றின் தரத்தை இத்தனை நீண்ட காலமாக, இத்தனை நுணுக்கமாக அளந்து குறித்துவைத்திருக்கும் பிரதேசங்கள் உலகத்தில் மிகச் சிலவே. அந்தக் கணக்கை ஆதியிலிருந்து வாசித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, காற்று எவ்வளவு சுத்தமாயிற்று என்பதைக் காட்டிலும் அதிக சுவாரசியமான விஷயம் ஒன்று தட்டுப்படும். ஒவ்வொரு காலத்திலும் ஜனங்கள் குற்றவாளியைத் தூரத்திலே தேடினார்கள். ஒவ்வொரு முறையும் விஞ்ஞானம் அவனைத் தேடுகிறவனுடைய வீட்டுக்கு ஓரடி சமீபத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. எதிரி நாட்டிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து கொல்லைப்புறத்துக்கும், அங்கிருந்து வாசலில் நிற்கும் மோட்டார் வண்டிக்கும், கடைசியில் ஸ்நான அறையின் கண்ணாடி அலமாரிக்குமாக அவன் இடம்பெயர்ந்து வந்த வரலாறே அந்தக் கவுண்டியின் காற்று வரலாறு என்று சொல்லத் தோன்றுகிறது.

இயற்கை இந்த விவகாரத்தில் முற்றிலும் நிரபராதி அல்ல. மேற்கிலும் தெற்கிலும் பசிபிக் சமுத்திரம். வடக்கிலும் கிழக்கிலும் பத்தாயிரம் அடி வரை உயர்ந்து நிற்கும் சான் கேப்ரியல் முதலிய மலைத்தொடர்கள். நடுவிலே நகரங்கள் நெருங்கிக் கிடக்கும் சமவெளி. சமுத்திரத்தின் குளிர்ந்த நீரைத் தடவி வரும் காற்று தரையை ஒட்டித் தங்கிவிட, அதற்கு மேலே உஷ்ணமான காற்று ஓர் அடுக்காகப் படிந்துகொள்கிறது. சாதாரணமாக உயரே போகப் போகக் காற்று குளிர வேண்டும். இங்கே அந்த நியதி தலைகீழாகிவிடுவதால், கீழே எழும் புகை மூடி போட்ட சட்டிக்குள் அகப்பட்ட ஆவியைப் போல மேலே போகவும் மாட்டாமல், மலையைத் தாண்டவும் மாட்டாமல் சுழன்றுகொண்டிருக்கும். 1542இல் ஸ்பானிய அரசின் சார்பாக அந்தக் கரையோரம் கப்பலோட்டி வந்த காப்ரிய்யோ என்பவர், இன்றைய சான் பெட்ரோ விரிகுடா என்று பலரும் கருதுகிற இடத்துக்குப் புகைகளின் விரிகுடா என்று பெயரிட்டாராம். ஆதிக்குடிகள் மூட்டிய நெருப்பின் புகையே அவர் கண்டது. மோட்டார் வண்டி பிறப்பதற்கு முந்நூறு வருஷங்களுக்கு முன்பே மூடி இருந்தது என்பதற்கு இது சாட்சி. அந்த மூடியின் கீழ் எதை வைத்து வேகவிடுவது என்பதை மாத்திரம் மனிதர்கள் பிற்பாடு தீர்மானித்தார்கள்.

யுத்தம் முடிந்ததும், லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் பத்திரிகை ரேமண்ட் டக்கர் என்ற பேராசிரியரை வரவழைத்து யோசனை கேட்டது. அவர் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நிலக்கரிப் புகையை அடக்கிக் கீர்த்தி பெற்றவர். 1947 ஜனவரியில் வெளியான அவருடைய அறிக்கை, ஆலைகளையும், குப்பை எரிப்பதையும், வண்டிகளையும் இன்னும் பலவற்றையும் சேர்த்துக் குறைகூறியதுடன், கவுண்டி முழுவதற்கும் ஒரே அதிகாரம் வேண்டும் என்றும் வற்புறுத்தியது. ஒரு நகரத்தில் எழும் புகை பக்கத்து நகரத்துக்குப் போவதற்கு அநுமதிச் சீட்டுக் கேட்பதில்லையாதலால், பல நகர சபைகள் தனித்தனியே சட்டம் போடுவதில் பிரயோஜனமில்லை என்பது எவருக்கும் விளங்கக்கூடியதே. எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் ரயில்வேக்களுக்கும் மாத்திரம் அது எளிதில் விளங்கவில்லை. எனினும் கவர்னர் ஏர்ல் வாரன் அந்த வருஷமே மசோதாவில் கையெழுத்திட்டார். அமெரிக்காவில் கவுண்டி முழுவதற்குமாக ஏற்பட்ட முதலாவது காற்று மாசு கட்டுப்பாட்டு ஸ்தாபனம் இவ்வாறு உதயமாயிற்று.

அந்த ஸ்தாபனம் ஆலைகளின் கந்தகப் புகையைக் குறைத்தது. நகராட்சிக் குப்பைமேடுகளில் திறந்த வெளியில் எரிப்பதை நிறுத்தியது. பனிக்குளிரிலிருந்து ஆரஞ்சு மரங்களைக் காப்பதற்காகப் பழைய டயரையும் மட்ட எண்ணெயையும் தோட்டக்காரர்கள் இரவெல்லாம் எரிக்கும் வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது. அதன்பின் வீட்டுக் கொல்லைக்கு வந்தது. அக்காலத்தில் அந்தக் கவுண்டியிலே வீடு என்று ஒன்று இருந்தால், அதன் பின்புறத்தில் குப்பை கொளுத்துவதற்கென்று செங்கல்லாலோ சிமெண்டாலோ கட்டிய ஒரு சிறு உலையும் இருக்கும். சாயங்காலம் காகிதக் கற்றையையும் இலைச்சருகையும் அதிலே போட்டுக் கொளுத்துவது குடும்பத் தலைவனின் பிறப்புரிமையாகக் கருதப்பட்டது. அதைத் தடுக்கப் பல வருஷங்கள் வாதப்பிரதிவாதங்கள் நடந்து, 1957இல்தான் தடை முழுமையாக அமலுக்கு வந்தது. காற்று ஓரளவு தெளிந்தது; ஆனால் கண் எரிச்சல் தீரவில்லை. புகை என்று கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் ஒவ்வொன்றாக அணைத்த பிறகும் எஞ்சி நின்ற அந்த எரிச்சல் எதிலிருந்து வந்தது என்ற வினாவுக்கு விடை, அதற்குள் ஓர் அன்னாசிப்பழத்தின் வழியாக வந்துவிட்டிருந்தது.

பாசடீனாவிலுள்ள கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர் தாவர ரசாயனப் பேராசிரியராக இருந்தார். பழுத்த அன்னாசியின் வாசனை எந்தெந்தப் பொருள்களால் ஆனது என்று ஆராய்வது அவருடைய வேலை. பழத்தின் ஆவியை மிகுந்த குளிர்ச்சியூட்டிய குழாய்களின் வழியே செலுத்தி, உறைந்து நிற்பதைச் சேகரித்து, பிரித்துப் பார்ப்பார். பக்கத்திலே கீரைப் பயிர்களும் பூச்செடிகளும் இனந்தெரியாத ஒரு நோயால் இலை வெளுத்து வாடிக்கொண்டிருந்தன. பயிர்களைக் கெடுப்பது எதுவென்று ஆராயும்படி அவரிடம் கேட்டபோது, ஹாகன்-ஸ்மிட் செய்தது வெகு எளிமையான காரியம்: அன்னாசியின் ஆவிக்குப் பதிலாக ஜன்னலுக்கு வெளியேயிருந்த பாசடீனாவின் காற்றை அதே குழாய்களில் இழுத்தார். ஆயிரக்கணக்கான கன அடிக் காற்றிலிருந்து கடைசியில் சில துளிகள் கிடைத்தன. பழுப்பு நிறம், சகிக்க முடியாத நாற்றம். அந்தத் துளிகளிலே ஆலைக் கந்தகம் பிரதானமாக இல்லை. பெட்ரோலியத்தின் ஹைட்ரோகார்பன்கள் பாதி எரிந்து உருமாறிய பொருள்களே இருந்தன.

பின்னர் அவர் நிரூபித்துக் காட்டியது இதுதான். மோட்டார் வண்டியின் பின்குழாயிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகளும், எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவியும் வெளிவருகின்றன. சூரியகிரணம் நைட்ரஜன் டையாக்சைடை உடைத்து ஒரு பிராணவாயு அணுவை விடுவிக்கிறது. அது காற்றிலுள்ள பிராணவாயு மூலக்கூறோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. சாதாரணமாக அந்த ஓசோனை எஞ்சிய நைட்ரிக் ஆக்சைடே உடனுக்குடன் அழித்துவிடும். பெட்ரோல் ஆவி குறுக்கே வந்து நைட்ரிக் ஆக்சைடைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், ஓசோன் அழிய வழியின்றிப் பெருகிக்கொண்டே போகிறது. பல மைல் உயரத்தில் இருந்துகொண்டு சூரியனின் உக்கிரத்தைத் தடுத்து நம்மைக் காக்கும் அதே ஓசோன், மூக்கின் உயரத்துக்கு இறங்கிவிட்டால் நுரையீரலை அரிக்கிறது. ஆகவே லாஸ் ஏஞ்சலீஸின் மூட்டம், லண்டன் மாநகரத்தின் நிலக்கரிப் புகைப்பனியைப் போலக் குளிரிலும் இருளிலும் பிறந்ததன்று. சினிமாக் கம்பெனிகளையும் சுகவாசிகளையும் எந்த வெயில் அந்த ஊருக்கு இழுத்து வந்ததோ, அந்த வெயிலே அதற்குத் தாய்.

ஓசோனை அளப்பதற்கு அன்று கருவிகள் சுலபமாகக் கிடைக்கவில்லை. ஆகையால் ஹாகன்-ஸ்மிட்டின் கூட்டத்தார் ரப்பர்த் துண்டுகளை வளைத்து வைத்துப் பார்த்தார்கள். ஓசோன் பட்டால் இழுபட்ட ரப்பரில் கீறல் விழும். தெளிந்த காற்றிலே நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் துண்டு, மூட்டமான நாளில் சில நிமிடங்களுக்குள் வெடித்தது. கீறல் விழ எத்தனை நிமிஷம் என்பதே அன்றைய அளவுகோல். லாஸ் ஏஞ்சலீஸில் டயர்கள் மற்ற ஊர்களைவிட விரைவில் வெடிப்பு விட்டுப் போகின்றன என்று வியாபாரிகள் வெகுநாளாகச் சொல்லிவந்த புகாரின் மர்மமும் அப்போது வெளியாயிற்று. வண்டி கக்கியது வண்டியின் சக்கரத்தையே தின்றுகொண்டிருந்தது.

குற்றவாளி வாசற்படிக்கு வந்துவிட்டான் என்பதை யாரும் விரும்பவில்லை. எண்ணெய்க் கம்பெனிகளின் பணத்தில் ஆராய்ந்த ஒரு நிறுவனத்தார் ஹாகன்-ஸ்மிட்டின் முடிவை மறுத்தார்கள். ஒரு கூட்டத்தில் தம்முடைய சோதனை எள்ளி நகையாடப்பட்டதைக் கேட்ட கோபமே, வாசனை ஆராய்ச்சிக்குத் திரும்பிவிடவிருந்த அவரை இந்தத் துறையில் கட்டிப்போட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. உண்மையாயின், உலகத்துக்கு மிகுந்த நன்மை செய்த கோபங்களில் அதையும் ஒன்றாகக் கணக்கிட வேண்டும். கவுண்டியின் மேற்பார்வையாளர்களில் ஒருவரான கென்னத் ஹான், 1953 முதல் டெட்ராயிட்டிலுள்ள மோட்டார் கம்பெனித் தலைவர்களுக்குக் கடிதத்தின் மேல் கடிதமாக எழுதினார். வண்டிப் புகை விரைவில் ஆகாயத்தில் கலைந்துபோவதால் அதிலே மாசுப் பிரச்சினை எதுவும் இல்லை என்ற பொருள்படும் பதில் ஃபோர்டு கம்பெனியிலிருந்து வந்தது. மூடியின் கீழ் வசிக்கிறவர்களுக்கு, மூடியில்லாத ஊரிலிருந்து வந்த சமாதானம் அது. புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களை வேண்டுமென்றே தாமதப்படுத்த உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடிச் சதி செய்தார்கள் என்று அமெரிக்க நீதி இலாகாவே 1969இல் வழக்குத் தொடுத்தது. ராஜியாக அது முடிந்தது.

அந்த நாட்களில் காற்று இருந்த நிலையை ஓர் எண்ணால் சொல்லலாம். 1955இல் லாஸ் ஏஞ்சலீஸின் மத்தியிலே ஓசோன், காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 0.68 பங்கு, அதாவது நூறு கோடிக்கு 680 பங்கு என்ற அளவை எட்டியது. இன்றைய அமெரிக்க மத்திய சர்க்காரின் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக நூறு கோடிக்கு 70. ஒரு மணி நேர உச்சத்தையும் எட்டு மணிச் சராசரியையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது என்ற எச்சரிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டாலும், அந்தக் காலத்துக் குழந்தைகள் எதைச் சுவாசித்தார்கள் என்பது புலனாகும். மலையடிவாரத்திலுள்ள பாசடீனாவுக்குக் கோடையில் குடிவந்தவர்கள், சில மைல் தூரத்தில் அத்தனை பெரிய மலைத்தொடர் நிற்கிறது என்பதையே மழைக்காலம் வரை அறியாமல் இருந்ததுண்டு.

கலிபோர்னியா ராஜ்யம் 1966 மாதிரி வண்டிகளுக்குப் பின்குழாய்ப் புகைக்கு வரம்பு விதித்தது. அமெரிக்காவில் அதுவே முதல். அடுத்த ஆண்டு ராஜ்யத்தின் காற்று வள வாரியம் ஏற்படுத்தப்பட்டபோது, அதன் முதல் தலைவராக ஹாகன்-ஸ்மிட்டையே கவர்னர் ரொனால்ட் ரீகன் நியமித்தார். 1973இல் ரீகனே அவரை விலக்கவும் செய்தார். 1975 மாதிரி வண்டிகளிலிருந்து வினையூக்கி மாற்றி என்னும் சாதனம் வந்தது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் துளைகளிலே பிளாட்டினம் முதலிய அரிய உலோகங்களை மெல்லிய பூச்சாகப் பூசி, புகை அதன் வழியே போகும்போது நச்சுப்பொருள்கள் மாறிவிடும்படி செய்யும் ஏற்பாடு அது. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் அந்தப் பூச்சு செத்துப்போகும். ஆகவே நுரையீரலைக் காக்க வந்த சாதனம், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் ஈயத்தையும் பெட்ரோலிலிருந்து விரட்டிற்று. நம்முடைய சென்னை முதலான நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலிலிருந்து ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்ததும், புதுக் கார்களில் அந்த மாற்றி கட்டாயமானதும் இதே சங்கிலியின் பிற்காலத்துக் கண்ணிகள்.

1977இல் லாஸ் ஏஞ்சலீஸ், பக்கத்திலுள்ள ஆரஞ்சு, ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ ஆகிய கவுண்டிகளோடு சேர்ந்து தென்கரைக் காற்றுத் தர நிர்வாக மாவட்டமாயிற்று. அப்போது, ஓசோன் நூறு கோடிக்கு 200 பங்கைத் தாண்டியதால் முதற்படி அபாய அறிவிப்பு விடப்பட்ட நாட்கள் வருஷத்துக்கு நூறுக்கும் மேல். அறிவிப்பு வந்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடியாடி விளையாட விடமாட்டார்கள். இருபது வருஷத்துக்குள் அது விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தது. 2003க்குப் பிறகு அத்தகைய அறிவிப்புக்கே அவசியம் நேரவில்லை. 1960இலிருந்து ஐம்பது ஆண்டுகளில் அந்தப் பிரதேசத்துக் காற்றிலிருந்த வண்டி சார்ந்த ஹைட்ரோகார்பன் ஆவிகள் ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன என்று 2012இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அதே காலத்தில் பெட்ரோல் விற்பனை ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தது. மோட்டார் வண்டியை ஒழித்தால்தான் காற்று சுத்தமாகும் என்றவர்களும், காற்றைச் சுத்தம் செய்தால் மோட்டார்த் தொழில் நாசமாகும் என்றவர்களும் ஆகிய இரு திறத்தாரையும் பொய்யாக்கிய கணக்கு அது.

நன்மை உடம்பிலே தெரிந்ததா என்றால், தெரிந்தது. தென் கலிபோர்னியா சர்வகலாசாலையினர் 1990களின் தொடக்கத்திலிருந்து வெவ்வேறு தலைமுறைப் பிள்ளைகளின் நுரையீரலை ஆண்டுதோறும் ஊதச்சொல்லி அளந்துவந்தார்கள். லாங் பீச், சான் டிமாஸ் உள்ளிட்ட ஐந்து ஊர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி 2015இல் வெளியிட்ட முடிவின்படி, பதினைந்து வயதில் நுரையீரல் வளர்ச்சி மிகவும் குறைந்திருந்தவர்கள் 1998இல் முடிந்த தொகுதியில் நூற்றுக்கு 7.9, 2001இல் முடிந்த தொகுதியில் 6.3, 2011இல் முடிந்த தொகுதியில் 3.6. காற்றிலே நைட்ரஜன் டையாக்சைடும் நுண்துகளும் குறையக் குறையப் பிள்ளைகளின் மார்பு விசாலித்தது. அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு இப்படி ஓர் உபகாரம் நடந்திருக்கிறது என்பதையே அறியமாட்டார்கள்.

ஆனால் சராசரி என்பது ஒரு திரைச்சீலை. சான் பெட்ரோ விரிகுடாவில் அடுத்தடுத்து இருக்கும் லாஸ் ஏஞ்சலீஸ், லாங் பீச் துறைமுகங்கள் அமெரிக்காவுக்கு ஆசியாவிலிருந்து வரும் சரக்கில் மிகப் பெரிய பங்கை இறக்குகின்றன. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு 710ஆம் எண் விரைவுச்சாலை வழியே டீசல் லாரிகள் உள்நாட்டை நோக்கி வரிசை வரிசையாகப் போகும். வில்மிங்டன், மேற்கு லாங் பீச் முதலிய இடங்களில், ஏழைகளும் மெக்சிகோ வழி வந்தவர்களும் மிகுதியாக வாழும் அந்தச் சாலையோரத் தெருக்களில், காலையில் ஜன்னல் சட்டத்தைத் துணியால் துடைத்தால் மாலைக்குள் மறுபடியும் விரலில் கரி ஒட்டும். கவுண்டியின் சராசரி இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே இவர்களுடைய காற்று தனி நீதியில் இருந்தது. 1998இல் டீசல் துகள் நச்சுப்பொருள் என்று ராஜ்யம் பிரகடனம் செய்தது. 2006இல் இரு துறைமுகங்களும் ஒரு திட்டத்தை ஏற்று, 2008இலிருந்து பழைய லாரிகளை வாசலிலேயே தடுத்தன. அதன்பின் துறைமுகத்து டீசல் துகள் வெகுவாகக் குறைந்தது. இது மகத்தான வெற்றிதான். ஆயினும் புது லாரி வாங்கும் கடன் அந்தந்த ஓட்டுநரின் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இனி, இந்தக் கணக்கின் விசித்திரமான பகுதிக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் லாரிப் போக்குவரத்து குறைவு. நைட்ரஜன் ஆக்சைடும் குறைவு. அன்றைக்கு ஓசோனும் குறைய வேண்டும் அல்லவா? வெகுகாலம் நேர்மாறாகவே இருந்தது. கிழமை நாட்களைவிட ஞாயிறன்று ஓசோன் கூடியது. ஓசோனைத் தோற்றுவிக்க உதவும் நைட்ரஜன் ஆக்சைடே, மிதமிஞ்சியிருக்கும்போது ஓசோனைத் தின்றும்விடுகிறது என்பதே காரணம். தின்கிறவன் குறைந்த நாளில் தின்னப்படுவது பெருகியது. இந்தச் சூட்சுமமும் ஒரு காரணமாக, 2010களின் மத்தியிலிருந்து ஓசோன் கோடு கீழ்நோக்கி இறங்குவதை நிறுத்திவிட்டுச் சற்றே மேல்நோக்கியது. நான்கு கவுண்டிகளையும் சேர்த்த அந்தப் பிரதேசத்தில், ஓசோன் வரம்பு மீறிய நாட்கள் கடுங்கோடையாயிருந்த 2020இல் 150ஐத் தாண்டின. பெருந்தொற்றினால் வண்டிகள் ஓடாதிருந்த அந்த வசந்த காலத்தில் மலைகள் பளிச்சென்று தெரியும் படங்களைக் கண்டு உலகமே வியந்ததே, அதே வருஷத்துக் கணக்குத்தான் இது.

பெட்ரோல் ஆவி ஐம்பதில் ஒன்றாக இறங்கிய பிறகும் ஓசோனுக்குத் தீனி போடும் ஆவி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, 2018இல் சயன்ஸ் பத்திரிகையில் வந்த ஓர் ஆய்வு விடை தந்தது. வர்ணம், பசை, வாசனைத் தைலம், தலைமயிரில் தெளிக்கும் திராவகம், தரை துடைக்கும் மருந்து ஆகிய அன்றாடப் பொருள்களிலிருந்து எழும் ஆவியே, நகரத்தில் பெட்ரோலியத்தால் விளையும் ஆவிகளில் ஏறக்குறையப் பாதி! பெட்ரோல் எரிவதற்காக விற்கப்படுகிறது. எரியாமல் தப்புவது சொற்பம். வாசனைத் தைலமோ ஆவியாவதற்காகவே விற்கப்படுகிறது. ஆவியாகாத வாசனைத் தைலத்தால் யாருக்கு என்ன பயன்? பழத்தின் வாசனையை ஆராய்ந்தவர் தொடங்கிவைத்த விசாரணை, எழுபது வருஷத்துக்குப் பின் புட்டியில் அடைத்த வாசனையில் வந்து நின்றது. வண்டிக்குப் போட்டதைப்போல ஒரே ஒரு மாற்றியை இதற்குப் போட முடியாது. ஆயிரம் கம்பெனிகள் விற்கும் பதினாயிரம் புட்டிகளின் சேர்மானத்தை ஒவ்வொன்றாக மாற்றவேண்டிய சலிப்பான வேலை இது. எந்த மேயரும் நான்கு மாதக் கெடு சொல்லமாட்டார்.

நுண்துகளின் கணக்கு ஓசோனினும் தெளிவாக இறங்கியிருக்கிறது. இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட, அதாவது தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள், நகர மத்தியில் 2000ஐ ஒட்டி ஒரு கன மீட்டருக்கு இருபது மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தன. பிறகு பன்னிரண்டை ஒட்டி வந்தன. அதற்குள் மத்திய சர்க்காரின் வரம்பும் சும்மா இருக்கவில்லை. 1997இல் 15 ஆக இருந்தது 2012இல் 12 ஆயிற்று. 2024இல் 9 ஆயிற்று. காற்று இறங்கிவர, வரம்பு அதற்கு முன்னால் இறங்கிக்கொண்டே போகிறது. இதைக் கண்டு, எத்தனை செய்தாலும் தோல்விப் பட்டம்தானா என்று அலுத்துக்கொள்கிற உத்தியோகஸ்தர்கள் உண்டு. வரம்பு வெறும் பிடிவாதத்தால் மாறவில்லை. முன்பு தீங்கற்றது என்று எண்ணப்பட்ட அளவிலும் மனிதர்கள் சாகிறார்கள் என்று மருத்துவர்கள் கண்டுகொண்டே வருவதால் மாறுகிறது என்பதை அவர்களும் அறிவார்கள்.

இந்த ஒழுங்கான இறக்கத்தில் அண்மைக் காலமாகக் காட்டுத்தீ குறுக்கே பாய்கிறது. 2025 ஜனவரி 7ஆம் தேதி, பாலைவனத்திலிருந்து வீசும் சான்டா ஆனா காற்று உக்கிரமாயிருந்தபோது, கடலோரத்துப் பாலிசேட்ஸ் பகுதியிலும், மலையடிவாரத்து ஆல்டடீனாவிலும் மூண்ட தீயில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. மரம் எரிந்தால் ஒரு விதமான புகை. வீடு எரிந்தால் அது வேறு. ஆல்டடீனாவின் பழைய வீடுகளில், ஈய வர்ணம் தடைப்படுவதற்கு முன் பூசிய சுவர்கள் இருந்தன. எரிந்த வட்டாரத்திலிருந்து பல மைல் தெற்கே, பிக்கோ ரிவேராவில் மணிக்கு மணி காற்றை அளந்துகொண்டிருந்த கருவி, அந்தச் சில நாட்களில் ஈயம் வழக்கத்தைவிடச் சுமார் நூறு மடங்கு உயர்ந்ததைப் பதிவு செய்தது. பெட்ரோலிலிருந்து ஈயத்தை விரட்ட இருபது வருஷங்கள் பாடுபட்ட கவுண்டியில், தாத்தா காலத்துச் சுவர்ப் பூச்சிலிருந்து அது மறுபடி கிளம்பிற்று. வீட்டின் சுவரைவிடச் சமீபத்தில் ஒரு குற்றவாளி இருக்க முடியுமா? ஜனங்கள் கைபேசியில் பார்த்த காற்றுத்தர எண்ணில் இந்த ஈயம் அகப்படவில்லை. அது நுண்துகளின் மொத்த எடையைச் சொல்லுமே தவிர, துகளுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

எஞ்சியிருக்கும் வேலை யாருடையது என்பதில்தான் இப்போதைய வழக்கு. நூறு கோடிக்கு 70 என்ற ஓசோன் வரம்பை அந்தப் பிரதேசம் 2037க்குள் எட்டியாக வேண்டும். அதற்கு, இப்போதுள்ள சட்டங்களாலேயே அந்த ஆண்டில் எந்த அளவுக்கு இறங்கியிருக்குமோ அதிலிருந்தும் நைட்ரஜன் ஆக்சைடை மூன்றில் இரண்டு பங்கு குறைக்க வேண்டும் என்று காற்றுத் தர மாவட்டம் 2022இல் போட்ட திட்டம் கூறுகிறது. அந்த ஆக்சைடில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நடமாடும் இயந்திரங்களிலிருந்து வருகிறது. அவற்றிலும் சமுத்திரக் கப்பல், ஆகாய விமானம், ரயில் எஞ்சின், வெளிராஜ்யத்து லாரி ஆகியவை உள்ளூர் அதிகாரிகளின் கைக்கு எட்டாதவை. வண்டிகளுக்கு மத்திய சர்க்காரைவிடக் கடுமையான விதி செய்துகொள்ள கலிபோர்னியாவுக்கு மாத்திரம் 1967இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு விசேஷ உரிமை அளித்தது. மூட்டத்தின் கொடுமையைக் கண்டு கொடுத்த உரிமை அது. அதன்படி பெற்றிருந்த, மின்சாரக் கார்களையும் லாரிகளையும் பற்றிய அநுமதிகளை 2025 ஜூனில் காங்கிரஸின் தீர்மானத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டு ரத்து செய்தார். கலிபோர்னியா அன்றைக்கே வேறு பத்து ராஜ்யங்களைச் சேர்த்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. வழக்கு எந்தப் பக்கம் முடிந்தாலும் 2037 என்ற கெடு சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. தவறினால் நெடுஞ்சாலைகளுக்கு வரவேண்டிய மத்திய சர்க்காரின் பணத்தை நிறுத்திவைக்கலாம் என்ற ஷரத்தும் இருக்கிறது.